மலட்டுத் தாழை

டீச்சரம்மா தாழம்பூவைப் பேனாக்கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். என் வண்டியின் பின்பலகையில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து அதன்மேல் பூவை வைத்திருந்தார். மடல்கள் ஒவ்வொன்றாக விலகின. உள்ளே வெளிர்மஞ்சளில் சரம்சரமாக ஏதோ இருந்தது. அதை விரலால் சுண்டியதும் மாவு போல ஒரு தூள் பறந்து என் புறங்கையில் படிந்தது.

"இது ஆண் பூ" என்றார்.

தாள் காற்றில் பறக்காமல் இருக்க நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையை எடுக்கவும் தோன்றவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் கூச்சமாக இருந்தது. சுற்றிலும் கல்லூரிப் பெண்கள்.

"ஆண் பூவாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா. பூ மட்டும் இல்ல, இந்தப் புதரே ஆண்தான்."

பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. ஏனென்றால் அந்தப் புதரின் அடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ஈரம் இன்னும் காயவில்லை. ஊற்றியவள் என் மனைவி.

வாயைத் திறக்காதவன்

போன வாரம் இதே பத்தியில் மாட்டுச்சந்தையில் நான் ஏமாந்த கதையை எழுதியிருந்தேன்; அதைப் படித்துவிட்டு, "நீர் வாயைத் திறந்து பேசவே மாட்டீரா?" என்று ஒருவர் கேட்டார். பேசுவேன். கொஞ்சம் நேரம் கழித்துப் பேசுவேன், அவ்வளவுதான். நான்காம் வகுப்பில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை எனக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் வாயில் வரும். அதற்குமேல் படிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவரைப்பேட்டைக்கும் புதுவாயலுக்கும் நடுவே எங்கள் ஊர். கொஞ்சம் நெல் வயல், ஒரு ஜோடி மாடு, ஒரு கட்டை வண்டி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. புறம்போக்கில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் மாறுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துச் செடிகொடிகளைப் பார்த்துவிட வேண்டும் என்று மெட்ராஸ் கல்லூரி ஒன்றிலிருந்து அந்த டீச்சரம்மா மாணவிகளோடு ரயிலில் வந்தார். ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தது என் வண்டிதான்.

அந்த வாரம் என் வீட்டில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்கும் கன்னியம்மாவுக்கும் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. எளாவூரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா, தன் இளைய மகளை எனக்கு இரண்டாம் தாரமாகக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அக்கா மகள் முறைப்பெண். மறுக்க ஊரில் யாருக்கும் காரணம் தெரியவில்லை.

"தோ பாரு நைனா, உன் மூஞ்சிக்கு சொந்தத்த உட்டா அசல்ல எவன் பொண்ணு குடுப்பான்? என் பொண்ணு வந்தா ஊடு ஊடா இருக்கும். அவளயும் தொரத்தச் சொல்லல. அவ பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துக்கினு போவட்டும்" என்றாள்.

கன்னியம்மா அடுப்படியில்தான் இருந்தாள். அக்கா குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

அக்கா போனதும் கன்னியம்மா என்னிடம், "மூலைன்னா எந்த மூல, மாட்டுக்கொட்டா பக்கமா?" என்று கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதற்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுடைய தாய்வீட்டிலிருந்து அண்ணன் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தான். மூலையில் இருப்பதா, அண்ணன் வீட்டுக்குப் போவதா என்பது மட்டுந்தான் அவளுக்கு மிச்சமாக இருந்த கேள்வி. அக்கா திரும்பி வருவதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

கள்ளிக்கு யார் சொந்தம்

இந்த நிலையில்தான் வண்டி ஓட்டினேன். வழியில் ஒரு கொல்லை வேலியில் சப்பாத்திக்கள்ளியும் சதுரக்கள்ளியும் அடுத்தடுத்து நின்றன.

"முருகேசன், இது ரெண்டும் சொந்தமா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"கள்ளின்னா கள்ளிதானம்மா."

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். நான் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டேன்.

"இல்ல. சப்பாத்தி கடல் தாண்டி வந்தது. சதுரக்கள்ளி இங்கேயே இருந்தது. ரெண்டும் தண்ணி இல்லாத இடத்துல பிழைச்சுப் பிழைச்சு ஒரே மாதிரி ஆயிடுச்சு. வேற வேற குடும்பம்."

"அப்ப சதுரக்கள்ளிக்கு யாரும்மா சொந்தம்?"

"ஆமணக்கு. அப்புறம் கீழாநெல்லி."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஒன்று முள்ளும் பாலுமாக நிற்பது. ஒன்று விரித்த கைபோல இலை விடுவது. ஒன்று வரப்பில் முழங்கால்கூட எட்டாதது. இவை ஒரு வீட்டுப் பிள்ளைகளா?

"உடம்பப் பாக்காதீங்க. உடம்பு பிழைப்புக்குத் தகுந்தபடி மாறும். பூவையும் காயையும் பாருங்க. அது அவ்வளவு சீக்கிரம் மாறாது" என்றார்.

ஏரிக்கரையில் வண்டி போனபோது ஒரு பெண் அல்லியையும் தாமரையையும் காட்டி ஏதோ கேட்டாள். "அதுல எங்களுக்குள்ளயே சண்டை. சில புஸ்தகம் ஒரே குடும்பம்னு சொல்லும், சிலது வேறன்னு சொல்லும்" என்றார் டீச்சரம்மா. படித்தவர்களுக்குள்ளேயே சண்டை என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

இன்னொன்றும் சொன்னார். உலகத்தில் வெகுகாலம் வரைக்கும் பூ என்பதே கிடையாதாம். பச்சை மட்டுந்தானாம். பூ பிறகு வந்ததாம். அப்போது தேனீ என்ன செய்தது என்று கேட்க நினைத்தேன். நான் கேட்பதற்குள் அவரே, "அப்ப தேனீயும் கிடையாது" என்றார். பூ இல்லாததால் தேனீ இல்லையா, தேனீ இல்லாததால் பூ இல்லையா என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டேன். பெண்கள் கத்தினார்கள். இன்றைக்கும் எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை.

ஓடைக்கரையில் இரண்டு புதர்

எங்கள் வயலை ஒட்டி ஓடும் ஓடையின் கரையில் இரண்டு தாழைப் புதர்கள் இருந்தன. ஒன்று ஆடி ஆவணியில் பூக்கும். பூத்தால் வாசனை ஊருக்குள் வரும். கல்யாணப் பெண்ணுக்குச் சடை தைக்க அதிலிருந்துதான் வெட்டுவார்கள். அதற்குப் பெயர் பொம்பளைத் தாழை. பிள்ளையில்லாத பெண்கள் ஆடி வெள்ளிக்கிழமைகளில் அதன் அடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, விழுதில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். புதருக்குள் பூநாகம் இருக்கும் என்று சொல்வார்கள், ஆனாலும் உள்ளே கைவிட்டுத்தான் கட்ட வேண்டும். கன்னியம்மாவின் முழங்கையில் அந்த முள் கீறாத ஆடி இல்லை.

இன்னொரு புதர் அப்படிப் பூக்காது. வாசனையும் கிடையாது. அதை மலட்டுத் தாழை என்போம். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க, அதன் விழுதை வெட்டித் தட்டி நார்நாராக்கி மட்டை செய்வோம். பொங்கல் வந்தால் ஊரே அதன்மேல் அரிவாளை வைக்கும். அதில் அன்னாசி மாதிரி கெட்டியாக ஒரு காய் வரும். யாரும் தின்பதில்லை. பையன்கள் உதைத்து விளையாடுவார்கள். அதை ஒரு காய் என்று யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

எனக்கு இப்போதும் குழப்பமாக இருப்பது இதுதான். பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு என்று எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். நுங்கு விடுவது பெண், வெறும் பாளை விடுவது ஆண். ஓடைக்கரைக்குப் போகும் வழியெல்லாம் பனைதான். அதைத் தாண்டித்தான் தாழையிடம் போவோம். போனதும் அந்த அறிவு எங்கே போய்விடும்? பூவும் வாசனையும் இருந்தால் அது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் எங்களுக்குச் சொன்னது?

அவர் காட்டிய பக்கம்

வண்டிப் பலகைக்கே திரும்பி வருகிறேன். கையில் தூளோடு நான் நிற்கிறேன்.

"அம்மா, அப்ப இது காய்க்கவே காய்க்காதா?"

"இது எப்படிக் காய்க்கும்? காய்க்கிறது அது." கத்தி முனையால் மலட்டுத் தாழையைக் காட்டினார். "அதுதான் பெண். யாரு அதை இப்படி வெட்டிப் போட்டது?"

"எல்லாருந்தாம்மா."

அவர் அந்தப் புதருக்கு அருகே போய் ஒரு காயைத் திருகிப் பார்த்தார். காற்றில் அந்தத் தூள் போய் இந்தப் பக்கம் சேரும் என்றார். பிறகு, "ஆண் பக்கத்துல இல்லாமலே சில தாழை காய்க்கும்னு சொல்றவங்களும் உண்டு. நான் பாத்ததில்ல. அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஆண்கிட்ட தூள் சரியில்லன்னா?"

இந்தக் கேள்வி எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. நேரத்தோடு வந்த கேள்வி அது ஒன்றுதான்.

"பொண்ணு என்ன பண்ணும்? சும்மா நிக்கும். பழி மட்டும் வாங்கிக்கும்" என்றாள் ஒரு மாணவி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"மனுசங்களுக்கும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

டீச்சரம்மா கையைத் தட்டிக்கொண்டார். பெண்களைக் கரையோரம் இலை பறிக்க அனுப்பினார். பிறகு என்னைப் பார்க்காமல், மாட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

"செடியை வெச்சு மனுஷங்களைக் கணக்குப் போடாதீங்க முருகேசன். செம்பருத்தி ஒரே பூவுல ரெண்டையும் வெச்சிருக்கு. பப்பாளி சில சமயம் ஆணா இருந்து பெண்ணா மாறுது. நீங்க எதை எடுத்துக்குவீங்க? ஆனா ஒண்ணு. குழந்தை இல்லன்னா டாக்டருங்க ரெண்டு பேரையும் பாப்பாங்க. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில ஆம்பளைங்களுக்கும் பாக்கறாங்க."

எங்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. ஈரமாக இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாரோ என்னவோ.

ஆம்பளைக்கா ஊத்தினேன்

அன்று மாலை கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கள்ளியில் ஆரம்பித்து, பூ இல்லாத உலகத்தைச் சொல்லி, சுற்றிச் சுற்றித் தாழைக்கு வந்தேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "இத்தினி வருசமா ஆம்பளைக்கா மஞ்சத்தண்ணி ஊத்தினேன்?"

"டீச்சரம்மா அப்படித்தான் சொல்றாங்க."

அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது. "வெளங்கிடும். அவனே தாடி மீச மழிச்சிக்கினு செண்டு பூசிக்கினு நின்னுக்கினு கீறான். அவன்கிட்ட போய் புள்ள குடுன்னு கேட்டா இன்னா பண்ணுவான்?" என்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் ஆஸ்பத்திரிப் பேச்சைச் சொன்னேன். அவள் நெடுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு, "போறியா?" என்றாள்.

"தெரியல."

"நீ போவ மாட்ட. கூச்சத்துலயே செத்துப்புடுவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுவாரம் மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை விரிவாக எழுத இப்போதும் கை வரவில்லை. ஒரு நீளமான பெஞ்சு, அதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஆண்கள். ஒருவர் தினசரித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கம்பவுண்டர் ஒவ்வொருவர் பெயரையும் தேவைக்கு மேல் சத்தமாகக் கூப்பிட்டார். முடிவு கேட்க இன்னொரு முறை வரச் சொன்னார்கள். போனேன். என்னைவிட இளையவரான ஒரு டாக்டர், குறை என்னிடந்தான் என்றார்.

"புள்ளையே பொறக்காதுங்களா?"

"அப்படிச் சொல்லல. ரொம்பக் குறைவா இருக்கு. ஆகலாம், ஆகாமலும் போகலாம்."

"ரெண்டுல எதுங்க?"

"சொல்ல முடியாது" என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

அக்கா வந்தாள்

கன்னியம்மாவிடம் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. "உன்னோட அக்காகிட்ட நான் பேசிக்கறேன். நீ சொம்மா இரு" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். மகளையும் அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் கதவோரமாக நின்று, தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப் போலத்தான், பேசமாட்டாள். அவளிடம் சம்மதம் கேட்டார்களா என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அக்கா உட்கார்ந்ததும் கன்னியம்மா முந்திக்கொண்டாள். "அண்ணி, இவரு மெட்ராஸுல டாக்டரம்மாகிட்ட என்ன இட்டுக்கினு போய்க் காமிச்சாரு. எனக்குத்தான் கோளாறாம். மருந்து குடுத்துக்கிறாங்க. ஒரு வருசம் பாக்கலாம்னாங்க."

அவள் மெட்ராஸுக்கு வரவே இல்லை.

"அது ஊருக்கே தெரியுமே, அதுக்கு டாக்டரு வேற வேணுமா? மருந்து துன்னு புள்ள பொறக்குமா?" என்றாள் அக்கா. "வர மாசத்துல முகூர்த்தம் வெச்சுக்கலாம். இன்னா நைனா?"

வழக்கம்போல விடை வர நேரமாகும் என்று நினைத்தேன். வந்துவிட்டது.

"இல்லக்கா. கோளாறு எனக்கு."

"இன்னா?"

"என்னத்தான் பாத்தாங்க. கொற எனக்குத்தான் கீது. உன் பொண்ண வேற எடத்துல குடு."

அக்கா என்னையும் கன்னியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆம்பளைய எவனாச்சும் சோதிச்சுப் பாப்பானா? யார்ரா உனக்கு இந்த வேலைய வெச்சது?"

"தாழ" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவாள் என்று நிறுத்திக்கொண்டேன். கதவோரத்தில் நின்ற பெண் தாவணி முனையை விட்டுவிட்டு முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

அவர்கள் சாப்பிடாமலே போனார்கள். நான் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துத் திரும்பினால், கன்னியம்மா தண்ணீர்ச் சொம்பை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"நெசந்தான?"

"நெசந்தான். என்னப் பாத்து இத்தினி வருசம் சிரிச்சானுங்க, தாங்கிக்கினேன். எனக்குப் பழகிப்போச்சு. நீ பஜாருக்குப் போனா உன் முதுவுக்குப் பின்னால சிரிப்பானுங்க. தாங்குவியா நீ?"

"தெரியல" என்றேன்.

அவளைக் காப்பாற்றினேனா, அவள் என்னைக் காப்பாற்ற வந்ததைக் கெடுத்தேனா என்று எனக்கு விளங்கவில்லை. பஜாரில் சிரிக்கத்தான் செய்தார்கள். புதுவாயல் டீக்கடையில் ஒருவன், "இன்னா முருகேசா, ஆஸ்பத்திரியில இன்னா சொன்னானுங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பான். டீயைக் குடித்துவிட்டு வருவேன். தாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். டீ குடித்தேன்.

எளாவூரில் வளைகாப்பு

அக்கா மகளுக்கு எளாவூரிலேயே ஒரு லாரி டிரைவரோடு கல்யாணம் நடந்தது. கொஞ்ச காலத்தில் அவளுக்கு வளைகாப்பு வந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள். கன்னியம்மா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெறாதவள் வளைகாப்புக்குப் போகலாம், சாப்பிடலாம், கடைசி வரிசையில் உட்காரலாம். வளையல் தட்டைத் தொடக் கூடாது. சின்ன வயதிலிருந்து அவள் அறிந்த சட்டம் அது. ஆனாலும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஆண்கள் வெளியே பந்தலில் இருந்தோம். மாநில எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டிவந்த லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டீசல் வாசனையில் சந்தன வாசனை அமுங்கிப்போயிருந்தது. உள்ளே கூச்சலாக இருந்தது. பிறகு அக்காவின் குரல் தனியாகக் கேட்டது.

"கன்னிம்மா, இங்க வா. நீ மொதல்ல போடு."

கூச்சல் சட்டென்று நின்றது. கன்னியம்மா எழுந்திருக்கவில்லை என்று தெரிந்தது. ஏனென்றால் அவள் குரல் வாசற்பக்கத்திலிருந்தே வந்தது.

"ஏன் அண்ணி, இவளோட அக்காளுக்கு வளையல் போட்டப்ப நான் தட்டாண்ட வந்துட்டேன்னு கையப் புடிச்சுத் தள்ளி உட்டிங்க. அதே கைதான் இது. வேற கை இல்ல. இப்ப போட்டா ஆவுமா?"

என் பக்கத்தில் இருந்தவர் பீடியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் லாரியின் நம்பரைப் பார்த்தேன்.

அக்கா பதில் சொல்ல நேரமானது. எங்கள் குடும்பத்தில் நேரம் கழித்துப் பேசுபவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றாள் கடைசியில். "சொன்னாங்க, செஞ்சேன். வந்து போடு. பொண்ணு எத்தினி நேரம் கைய நீட்டிக்கினு உக்காந்திருப்பா?"

உள்ளே ஒரு பாய் நகரும் சத்தம் கேட்டது. கன்னியம்மா எழுந்து போகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு அவளுடைய குரல் மெதுவாக, அந்தப் பெண்ணிடம், "வலிக்கிதாடி? கைய லூசா உடு" என்று சொல்வது கேட்டது.